கண்ணுக்குள் தேங்கிய தண்ணீர்

அண்ணனுக்கு நெல் சுணை, அறுக்கும்போது பறக்கும் அந்தத் தூசி, ஆகாது. ஆனால் நெல் அறுக்கும் மிஷின் ஓட்டுவதுதான் அவன் தொழில். அந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் ஓட்டினான்.

அறுப்பு தொடங்கி நாலாம் நாள் கண் சிவக்கும். ஒரு வாரத்தில் இமை தடித்து, ஓரமெல்லாம் பீளை கட்டும். வேலை முடிந்து வந்ததும் துண்டை நனைத்துக் கண்ணில் போட்டுக்கொண்டு வாசலில் படுத்துவிடுவான். "கண்ணுக்குள்ள எறும்பு ஊருதுடா" என்பான். மறுநாள் விடிந்தால் மறுபடி வண்டியில் ஏறிவிடுவான். மதுரைக்கு மேற்கே வாய்க்கால் பாயும் ஊர்களில் அவனை அறியாத சம்சாரி இல்லை. சேற்று வயலில் பெல்ட் வண்டியைப் புதையாமல் திருப்பி எடுப்பதில் அவனுக்கு ஒரு பேர் இருந்தது. மூலையில் ஒரு பிடி கதிர்கூட நிற்காமல் அறுத்துக் கொடுப்பான்.

அவன் ஏழாவதோடு நின்றவன். எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது இடைவெளி. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியில் இயற்பியல் படித்தேன். இப்போது பசுமலையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் அறிவியல் எடுக்கிறேன். பழங்காநத்தத்தில் மாடியில் ஒற்றை அறை. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் ஊர்.

ஊருக்குப் போனதும் சாப்பாட்டுக்கு முன்னால் காகிதங்கள் வரும். பஞ்சாயத்து நோட்டீஸ், கரண்டு ஆபீஸ் சீட்டு, அப்பா போனுக்கு வந்த மெசேஜ். தெருவில் இருந்தும் கொண்டுவருவார்கள். தமிழில் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்வேன். ஆங்கிலத்தில் இருந்தால் பாதியை வாசித்து மீதியை ஊகித்துச் சொல்வேன். நான் தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் ஆங்கிலப் பாடத்தை மனப்பாடம் செய்துதான் தேறினேன். இது என் வீட்டில் யாருக்கும் தெரியாது. என் ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருந்ததால் நானும் அதை மறந்துவிட்டேன்.

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்த வருடம் ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். முதல் வாரம் ஆறு வேளை, இரண்டாம் வாரம் ஐந்து வேளை என்று குறைத்துக்கொண்டே வந்து ஆறாவது வாரத்தோடு நிறுத்திவிட வேண்டும். நர்ஸ் இரண்டு முறை சொன்னார். நானே கட்டம் போட்டு எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஆறு வாரம் முடிந்தபோது பாட்டிலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அன்று அண்ணன் அறுப்பிலிருந்து இரண்டு கண்ணும் பழுத்த மிளகாய் போல வந்தான்.

"அறுத்த கண்ணுக்கே ஊத்துறாங்க. சும்மா இருக்குற கண்ணுக்கு ஆகாதா?" என்று சொல்லி, தலையை அண்ணாந்து, கண்ணுக்கு ரெண்டு சொட்டு விட்டுக்கொண்டான்.

காலையில் கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பத்து வருசமா இது எங்கடா போயிருந்துச்சு?"

எங்கள் ஊரில் மருந்துச் சீட்டை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. காலி பாட்டிலைத்தான் பத்திரப்படுத்துவார்கள். மாத்திரை என்றால் தீர்ந்துபோன அட்டை. மெடிக்கலில் கொண்டுபோய்க் காட்டினால் அதே மருந்து வரும். டாக்டரிடம் போய் உட்கார்ந்து ஒரு நாள் கூலியை விடுவதைவிட இது சுலபம். அந்தக் காலி பாட்டிலை அண்ணன் என்னிடம் கொடுத்துவிட்டான். பழங்காநத்தத்தில் என் அறைக்குக் கீழே இருந்த மெடிக்கலில் காட்டினேன். கடைக்காரர் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

"அண்ணனுக்கு. கண் அரிப்பு."

"நல்லாக் கேக்குமே" என்று இரண்டு எடுத்து வைத்தார். அதன் பிறகு நான் படியிறங்கினாலே, "அண்ணனுக்கா சார்?" என்பார். மாதத்துக்கு ஒன்று, அறுப்புக் காலத்தில் இரண்டு. அறுப்பு இல்லாத நாளிலும் அண்ணன் போட்டுக்கொண்டான். போடாமல் விட்டால் மூன்றாம் நாள் அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பிவந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினி முற்றத்தில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். புது மருந்துப் பெட்டியைப் பிரித்தபோது உள்ளேயிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. மதினி அதை எடுத்து விரித்தார்.

"தம்பி, ஒரு விரல் உசரம் கூட இல்லாத பாட்டிலுக்கு இம்புட்டு எழுதியிருக்கானே. என்னதான் போட்டிருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். கடுகைவிடச் சின்ன எழுத்து. ஒரு நாளைக்கு எத்தனை சொட்டு என்கிற இடம் புரிந்தது. அதற்குக் கீழே எச்சரிக்கை என்று ஒரு பத்தி. நீண்ட நாள் போட்டால் என்று தொடங்கி, கண்ணுக்குள் அழுத்தம் என்று போய், நரம்பு என்று முடிகிற ஒரு வாக்கியம். அழுத்தம் என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். விசையைப் பரப்பளவால் வகுத்தால் வருவது. அந்தப் பாடத்தை நான் நடத்துகிறேன். ஆனால் அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் இருந்த சொற்கள் எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்துத் தேடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மதினி பார்த்துக்கொண்டிருக்கும்போது போனில் அர்த்தம் தேட எனக்கு வெட்கமாக இருந்தது.

"எல்லா மருந்துலயும் இப்படித்தான் போடுவாங்க மதினி. நாளைக்கு எதுவும் கேஸு கீஸுன்னு வந்தா கம்பெனிக்காரன் தப்பிச்சுக்கிறதுக்கு எழுதுறது. ஒண்ணும் பண்ணாது."

"நீ சொன்னாச் சரி" என்று மதினி அந்தத் தாளிலேயே வெங்காயத் தோலை அள்ளிக்கொண்டு போனார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு புரட்டாசி அறுப்பில், அண்ணன் வண்டியை ஒரு போர்வெல் குழாயின் மேல் ஏற்றினான். வயல் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாய். வலப்பக்கம். பட்டப்பகல். முன்னால் இருக்கும் கட்டர் வளைந்து, பற்கள் தெறித்தன. அந்த வயலை அவன் ஆறு வருடமாக அறுக்கிறான். குழாய் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். வயல்காரர் அந்தக் குழாய் மேல்தான் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். போன் வந்ததென்று எழுந்து வரப்பைத் தாண்டியிருக்கிறார். அந்த நேரத்தில் வண்டி வந்திருக்கிறது.

நான் போனபோது அண்ணன் வளைந்த கட்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"குழாய் இருந்துச்சா தம்பி அங்க?" என்று என்னைக் கேட்டான். "நான் அந்தப் பக்கம் பார்த்தேன்டா. நெல்லுதான் நின்னுச்சு. குழாய் இல்ல."

வயல்காரர் பக்கத்தில் நின்று, "குடிச்சிருக்கியாப்பா?" என்றார். அண்ணன் குடிப்பதில்லை என்று அவருக்கே தெரியும். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டார்.

அந்த வாரம் அவனை மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதலில் எழுத்துப் பலகை. அண்ணன் தமிழ் எழுத்துகளைக் கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் வாசித்தான். வலது கண்ணால் தடுமாறினாலும் வாசித்துவிட்டான். திரும்பி என்னைப் பார்த்து, "கண்ணு நல்லாத்தான இருக்கு?" என்பதுபோலத் தலையாட்டினான். அடுத்து ஒரு மிஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். கண்ணுக்கு நேரே புஸ்ஸென்று காற்று அடித்தது. அண்ணன் நாற்காலியோடு பின்னால் போனான்.

"ஏம்மா, ஊதப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தூசி விழுந்தா எம் பொண்டாட்டிகூட சொல்லிட்டுத்தான் ஊதுவா."

மிஷின் ஓட்டிய பெண் சிரித்தாள். பிறகு வந்த எண்ணைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவை ஊதுறேண்ணே" என்றாள். மறுபடி பார்த்தாள். சீட்டில் எழுதாமல் எழுந்து உள்ளே போனாள்.

டாக்டரம்மா தானே ஒருமுறை பார்த்தார். மரத்துப்போக ஒரு சொட்டு, மஞ்சளாக ஒரு சொட்டு விட்டு, நீல வெளிச்சத்தில் ஒரு சின்னக் குமிழைக் கண்ணின் மேல் தொடும்படி வைத்து அழுத்தத்தை அளந்தார். வலது கண்ணில் முப்பத்தெட்டு. இடது கண்ணில் இருபத்தேழு.

"இருபத்தொண்ணு வரைக்கும் இருக்கலாம்" என்றார். "வலி இல்லையா உங்களுக்கு?"

"வலிச்சா வந்திருப்பேனேம்மா. அரிப்பு மட்டுந்தேன். அதுக்கும் மருந்து இருக்கு."

"ஃபீல்டு டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கும் அந்த டெஸ்ட்டைப் பக்கத்து அறையில் எடுத்தார்கள். வெள்ளையான பெரிய கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து நிறுத்தியதுபோல ஒரு மிஷின். ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, கிண்ணத்துக்குள் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரங்களில் எங்கே வெளிச்சப் பொட்டு தெரிந்தாலும் கையிலிருக்கும் பித்தானை அமுக்க வேண்டும். நான் சுவரோரம் நின்றேன். என் பக்கத்தில் இருந்த திரையில் மிஷின் பொட்டு காட்டுவது தெரிந்துகொண்டே இருந்தது. இடது கண்ணுக்கு அண்ணன் கை விடாமல் 'டிக் டிக்' என்றது. வலது கண்ணுக்கு மாற்றினார்கள். திரையில் பொட்டு வந்துகொண்டிருந்தது. அண்ணன் கை சும்மா இருந்தது. எப்போதாவது ஒரு 'டிக்'. தூங்கிவிட்டானோ என்று எட்டிப் பார்த்தேன். அவன் கண்ணை அகல விழித்து, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலைப் பித்தான் மேல் வைத்துக் காத்திருந்தான்.

வெளியே வந்து சொன்னான்: "ரெண்டாவது சுலபம்டா. லைட்டு கொஞ்சமாத்தான் வந்துச்சு. வந்தது அம்புட்டையும் அமுக்கிட்டேன்."

நான் டாக்டரம்மா அறைக் கதவைப் பார்த்தேன்.

டாக்டரம்மா தாளை மேசையில் விரித்தார். இரண்டு வட்டங்கள். இடது வட்டத்தில் கீழ்ப்பக்கம் ஒரு வளைந்த கறுப்பு. வலது வட்டம் முக்கால்வாசி கறுப்பு. நடுவில் ஒரு சின்ன வெள்ளையும், ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளையும் மட்டும் மிச்சம்.

"கறுப்பா எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா" என்றான் அண்ணன்.

"தெரியாது. இல்லாத இடத்தை மூளையே பக்கத்துல இருக்குறதை வச்சு நிரப்பிக்கும். ஒரு கண்ணுல போனதை இன்னொரு கண்ணு மூடி மறைச்சிரும். அதனாலதான் இவ்வளவு தூரம் போற வரைக்கும் யாருக்கும் தெரியறதில்ல." குழாய் இருந்த இடத்தில் அவனுக்கு நெல் தெரிந்தது ஏன் என்று எனக்கு அப்போது புரிந்தது. அவர் தொடர்ந்தார்: "கண்ணுக்குள்ள ஒரு தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும், வடிஞ்சுக்கிட்டே இருக்கும். கண்ணீர் இல்ல இது, உள்ளேயே இருக்குறது. ஊறுறதும் வடியறதும் சரியா இருந்தா அழுத்தம் சரியா இருக்கும்."

"வடிகால் அடைச்சிருச்சா?" என்றான் அண்ணன். வயலில் நிற்கிறவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ஆமா."

"வயல்னா வரப்பு உடைச்சுக்கிட்டு வெளிய போயிரும்."

"கண்ணு உடையாது. தண்ணி உள்ளேயே நின்னு அமுக்கும். பின்னாடி மூளைக்குப் போற நரம்பு ஒண்ணு இருக்கு. அழுத்தத்துல அதுதான் கொஞ்சங் கொஞ்சமா நசுங்கிச் சாகும். சில பேருக்கு அழுத்தம் கூடாமயும் இந்த நரம்பு கெடும். ஆனா உங்களுக்கு இருக்குற அழுத்தத்துக்கு இது நடக்காட்டித்தான் ஆச்சரியம். அரிப்புக்கு மருந்துன்னு சொன்னீங்களே, என்ன மருந்து?"

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து வைத்தான். டாக்டரம்மா அதைக் கையில் எடுத்து வாசித்தார். கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"இது ஸ்டீராய்டு. ஆபரேஷன் பண்ணுன கண்ணுக்கு ஆறு வாரம், டாக்டர் பார்வையில போடுறது. நாள்கணக்கா போட்டா சில பேருக்கு வடிகாலை அடைச்சிரும். யாரு எழுதிக் குடுத்தது?"

"யாரும் எழுதலம்மா. நானாத்தேன் வாங்கிப் போட்டேன்" என்றான்.

என் பக்கம் அவன் திரும்பவில்லை. அவனுக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியாது. வாங்கிக் கொடுத்தவன் நான் என்பது மட்டும்தான் தெரியும். அதைத்தான் மறைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. என் ஆயுசில் நான் வெட்கப்பட்ட நேரங்களை எண்ணினால் அதுதான் முதலாவது. மதினி முன்னால் போனை எடுக்க வெட்கப்பட்டது எல்லாம் வெட்கமே இல்லை.

பழைய மருந்தை உடனே நிறுத்தச் சொன்னார். அழுத்தத்தைக் குறைக்க வேறு இரண்டு சொட்டு மருந்து கொடுத்தார். வலது கண்ணில் போனது போனதுதான் என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை, இனிப்புத் தடவவும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

வெளியே ஜூஸ் கடை ஓரத்தில் நின்றோம். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் வெயிலைப் பார்க்க முடியாமல் அண்ணன் கையை நெற்றியில் வைத்து மறைத்திருந்தான். அங்கே வைத்துச் சொன்னேன்.

"அண்ணே, அந்த மருந்துப் பெட்டியில ஒரு தாள் இருக்கும்ல. அதுல இது போட்டிருந்துச்சு."

"எது?"

"நாள்பட்டுப் போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் கூடும்னு. மதினி கேட்டுச்சு. நான் வாசிச்சேன். எனக்குச் சரியாப் புரியல. ஒண்ணும் பண்ணாதுன்னு சொல்லிட்டேன்."

கையை இறக்கினான். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தான். கண்மணி விரிந்து கறுப்பாக இருந்தது.

"புரியலன்னா புரியலன்னு சொல்றதுக்கு என்னடா?"

மறுபடி கையை நெற்றிக்குக் கொண்டுபோனான்.

"நாங்க உன்கிட்ட எத்தனை தடவ சொல்லியிருப்போம், எங்களுக்குப் புரியல, நீ பாருன்னு. வாரா வாரம் சொல்றோம். எங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

ஜூஸ் கடைக்காரர், "ரெண்டு சாத்துக்குடியாண்ணே?" என்று கேட்டார். அண்ணன் வேண்டாமென்று கையாட்டிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். நடைபாதை இறங்கும் இடத்தில் கால் பிசகி, சமாளித்து நின்றான். நான் கையை நீட்டினேன். அவன் பிடிக்கவில்லை.

வீட்டில் மதினியிடமும் சொன்னேன். மதினி அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டார். வையவில்லை. "அன்னைக்குக் கேட்டேனே தம்பி" என்றார். அதையே கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை, யாரிடமோ சொல்வதுபோல, "கேட்டேனே" என்றார்.

ஒன்றரை மாதத்தில் அழுத்தம் இறங்கியது. வலது பதினைந்து, இடது பதினான்கு. அண்ணன் முகத்தில் பழைய களை வந்தது. டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டான்: "அப்ப தையில வண்டி எடுக்கலாம்லம்மா?"

"வேண்டாம். வலது கண்ணுல பக்கவாட்டுப் பார்வை இல்ல. இடதுலயும் கீழ்ப்பக்கம் குறை. முன்னால ஆள் குனிஞ்சு நின்னா உங்களுக்குத் தெரியாது."

"பிரஷர்தான் இறங்கிருச்சே."

"இறங்குனது இருக்குறதைக் காப்பாத்தத்தான். தண்ணி வடிஞ்சா அழுகுன பயிர் எந்திரிச்சு நிக்குமா?"

அண்ணன் எழுந்து வெளியே நடந்தான். அவன் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்று எனக்கு அந்த நடையிலேயே தெரிந்தது. பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாட்டுக் கொட்டகைப் பக்கம் என்னைக் கூப்பிட்டான்.

"மத்தியானம் மிஷின் ஓனர் வாரார். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டச் சொல்லுவாரு. அவருக்கும் இங்கிலீஷ் ஏறாது. நீ வாசிச்சுச் சொல்லு."

"என்னன்னு சொல்லண்ணே?"

"நார்மல்னு."

"பிரஷர் மட்டும்தாண்ணே நார்மல்."

"அதத்தானடா சொல்லச் சொல்றேன்? பொய்யா சொல்லச் சொல்றேன்? சீட்டுல பதினஞ்சுன்னு இருக்குல்ல, அதைச் சொல்லு. மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்." கொஞ்சம் நிறுத்தி, மாட்டின் கழுத்துக் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னான்: "தெரியாததையே தெரிஞ்ச மாதிரி சொன்னவன்தான நீ. இது தெரிஞ்சதுதான. சொல்லு."

அதற்கு மேல் அவன் என்னைக் குத்திக் காட்டியதில்லை. அந்த ஒரு முறைதான். அதுவே போதும்.

மிஷின் ஓனர் புல்லட்டில் வந்தார். கட்டில் போட்டோம். மதினி டீ கொண்டுவந்தார். ஓனருக்கு அண்ணன் மேல் உண்மையிலேயே பிரியம் உண்டு. கட்டர் வளைந்தபோது ஒரு வார்த்தை சொல்லாமல் பழுது பார்த்தவர்.

"என்னப்பா, கண்ணு எப்படி இருக்கு? நீ இல்லாம வேற டிரைவரைப் போட்டா மேலப்பத்து வயல் சேத்துல வண்டியை நட்டு வச்சிட்டு வந்துருவான்."

"நல்லாருக்குண்ணே. தம்பி, சீட்டை வாசி."

சீட்டை எடுத்தேன். "பிரஷர் வலது பதினஞ்சு, இடது பதினாலு" என்றேன். "நார்மல்தான்."

"அப்புறமென்ன!" ஓனர் தொடையில் தட்டினார். "பொங்கல் கழிச்சுத் திங்கக்கிழமை வண்டியை இறக்கிருவோம்."

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, கீழே பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்ள எனக்கு நேரம் இருந்தது. அடுத்த தாளைத் திருப்பினேன். இரண்டு வட்டங்கள் இருக்கும் தாள். அதைக் கட்டிலில் ஓனர் முன்னால் வைத்தேன்.

"அண்ணே, இதையும் பாருங்க. கறுப்பா இருக்குற இடமெல்லாம் அண்ணனுக்குப் பார்வை இல்ல. பிரஷர் இறங்கினாலும் இது திரும்பாது. வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. கீழ குனிஞ்சு ஆள் நின்னா தெரியாதாம்."

ஓனர் தாளைக் கையில் எடுக்காமலே பார்த்தார். அறுப்பு நேரத்தில் மிஷினுக்கு முன்னால் எத்தனை பேர் குனிந்து நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். மூலைக் கதிரைக் கையால் அறுக்கிற பெண்கள், சிந்தின நெல்லைக் கூட்டுகிறவர்கள். அண்ணனுக்கும் தெரியும். அவன் எழுந்து, டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு, கொட்டகைப் பக்கம் போனான். போகும்போது வாசல் படியைக் காலால் தடவித்தான் இறங்கினான். அதை ஓனரும் பார்த்தார்.

"நல்லவேளை சொன்னப்பா" என்று என் தோளைத் தொட்டார். எனக்கு அது நல்லவேளையாகத் தெரியவில்லை. மதினி டீ கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்போது என்னை ஒருமுறை நின்று பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா வேறு ஏதாவது இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த அறுப்புக்கு வெளியூரிலிருந்து வேறு டிரைவர் வந்தார். அண்ணன் என்னோடு பேசவில்லை. ஓனர் அவனைக் கைவிடவில்லை. எந்த ஊரில் எந்த வயல் எப்போது முற்றும், எந்தப் பாதையில் வண்டி இறங்கும் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருந்தது. போனை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பேசி அறுப்புக்கு நாள் குறிக்கும் வேலையை அவனிடம் கொடுத்தார். வரப்பில் நிற்பான். புது டிரைவர் மூலையில் கதிரை விட்டால் இங்கிருந்தே வைவான். சனிக்கிழமை நான் ஊருக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விடுவான். நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு அவனும் மதினியும் மட்டும் போனார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நான் கேட்காமலே அவனாக ஒரு வழக்கத்தைத் தொடங்கினான். பார்த்து முடித்ததும் எனக்குப் போன் வரும்.

"பதினாலு. பதிமூணு."

அவ்வளவுதான். வைத்துவிடுவான். "மருந்து போடுறியாண்ணே?" என்று நான் கேட்பதற்குள் லைன் போயிருக்கும். அடுத்த முறை, "பதினஞ்சு. பதிமூணு." அதற்கடுத்த முறை மதினி குரல் பின்னால் கேட்டது: "நல்லாருக்கியான்னு கேளுங்களேன்." அவன் கேட்கவில்லை.

போன மாதம் மறுபடி ஃபீல்டு டெஸ்ட் எடுத்தார்கள். நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். போன் அதிர்ந்தது. பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்து எடுத்தேன்.

"பதினாலு. பதினாலு" என்றான். வைக்கவில்லை.

"சரிண்ணே."

"அந்த லைட்டு பார்க்குற மிஷின்ல உட்கார வச்சாங்க. பழைய தாளையும் புதுத் தாளையும் டாக்டரம்மா ஒண்ணா வச்சுக் காட்டுச்சு."

"என்ன சொன்னாங்க?"

"அப்படியே இருக்காம்." பின்னால் பஸ் ஹாரன் சத்தம். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறான் போல. "கறுப்பும் கூடல. வெள்ளையும் குறையல. ரெண்டு தாளையும் நானே பார்த்தேன்."

பேசினால் அவன் வைத்துவிடுவானோ என்று இருந்தது.

"இப்பவும் லைட்டு கொஞ்சமாத்தான் வந்துச்சு" என்றான். "ஆனா இப்ப எனக்குத் தெரியும்ல, வருது, எனக்குத்தான் தெரியலன்னு. அதனால தெரியாததுக்கு அமுக்காம உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை, சரியாப் பண்ணுனீங்கண்ணேன்னு சொல்லுச்சு."

வகுப்புக்குள்ளிருந்து யாரோ, "சார், முடிச்சிட்டோம்" என்றார்கள்.

"கிளாஸ்ல இருக்கியா? போ."

"பரவால்லண்ணே."

"ஞாயித்துக்கிழமை வாரியா?"

"வாரேண்ணே."

"வா" என்றான்.